படத்தின் கீழே மூன்று வரி

கனடாவில் வசிக்கும் சித்தப்பா மகன் ஒருநாள் நள்ளிரவில் தொலைபேசியில் அழைத்தான். அங்கே பகல் என்பதை அவன் எப்போதுமே மறந்துவிடுவான். "அண்ணே, நம்ம தோட்டத்துப் படம் பன்னிரண்டு வேணும். ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒரு ஹைக்கூ. அடுத்த வருசத்துக்குக் கலண்டர் அடிக்கப் போறோம். நம்மாளுங்க வீட்டுச் சுவர்ல தொங்கட்டும்" என்றான்.

பத்திரிகைத் தொழிலில் முப்பது வருடங்களைக் கழித்த ஒருவனிடம் பன்னிரண்டு படங்களும் முப்பத்தாறு வரிகளும் கேட்பது பெரிய காரியமல்ல என்று அவன் எண்ணியிருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால் நானும் அப்படித்தான் எண்ணினேன். எத்தனை ஆயிரம் படங்களுக்குக் கீழே எழுதிய கை இது! அமைச்சர் நாடா வெட்டும் படம், அதிபர் பரிசு வழங்கும் படம், தேர்த்திருவிழா, வெள்ளம், விபத்து... அச்சுக்குப் பக்கம் போகப் பத்து நிமிடம் இருக்கும்போதுகூட 'இடமிருந்து வலமாக' என்று தொடங்கிப் பிழையில்லாமல் முடித்துவிடுவேன். அந்தப் பழக்கமே எனக்கு எதிரியாக நிற்கும் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஆடி மாதத்தில் நான்கு நாள் விடுப்பெடுத்துக்கொண்டு ஸ்பிரிங்வெளிக்குப் போனேன். பதுளை நகரிலிருந்து பஸ் நமுனுகுல மலையின் சரிவை நோக்கி வளைந்து வளைந்து ஏறும். 2000 மீற்றருக்கும் மேல் உயர்ந்த மலை அது. மேகம் விலகினால்தான் முழுவதும் தெரியும். சில நாட்களில் விலகுவதேயில்லை. அம்மா போன பிறகு எனக்கென்று அங்கே வீடு கிடையாது. உறவினர் ஒருவரின் லயத்து அறையில் தங்கினேன். விடியற்காலையில் எழுந்து, கழுத்தில் கமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு நடப்பேன். சிறுவயதில் கொழுந்துக் கூடைக்குப் பின்னால் ஓடித் திரிந்த பாதைகளில் ஐம்பது வயதைக் கடந்தவன் கமராவோடு திரிவதைக் கண்டு பிள்ளைகள் சிரித்தார்கள். "வெள்ளைக்காரன் மாதிரி படம் புடிக்கிறாரு" என்று ஒரு பையன் சொன்னது காதில் விழுந்தது. அது வெறும் கேலி அல்ல என்று இரவில் படுக்கும்போது தோன்றியது.

முதல் நாள் இரவே எழுத உட்கார்ந்தேன். காலையில் எடுத்த படம் ஒன்று: பனிமூட்டத்துக்குள் தேயிலை மலை, அடியில் லயக் கூரைகளின் வரிசை. நல்ல படம்தான். அதற்குக் கீழே நான் எழுதியது இது:

மலையை மூடிய பனி
கீழே தெரிகின்றன
லயத்துக் கூரைகள்

எழுதி முடித்துப் படித்தேன். கவிதையா இது? படக்குறிப்பு! 'பதுளை, ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் நேற்றுக் காலை காணப்பட்ட பனிமூட்டம்' என்பதை மூன்றாக மடித்து வைத்திருக்கிறேன். படத்தில் பனி இருக்கிறது; வரியிலும் பனி இருக்கிறது. படத்தில் கூரை இருக்கிறது, வரியிலும் கூரை. பார்ப்பவனுக்குக் கண் இருக்கிறதே, அவனுக்கு எதற்கு இதை இரண்டாம் தடவை சொல்ல வேண்டும்?

பத்திரிகையில் அப்படிச் சொல்வது கடமை. படத்தில் நிற்பவர் யார், எங்கே, எப்போது என்று ஐயமில்லாமல் சொல்வதற்குத்தான் படக்குறிப்பு. படத்தையும் எழுத்தையும் ஒன்றோடொன்று கட்டி வைப்பது அதன் வேலை. ஹைக்கூவின் வேலை வேறு. இந்த வேறுபாட்டை எனக்கு எவரும் கற்றுத் தரவில்லை என்று சொல்ல முடியாது. படித்திருக்கிறேன், கையில்தான் ஏறவில்லை.

ஹைக்கூ தமிழுக்கு வந்த கதை வாசகர்கள் பலருக்கும் தெரிந்ததுதான். பாரதியார் 1916இல் சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதை பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவரும் பத்திரிகைக்காரர் என்பதில் எனக்கு ஓர் அற்ப மகிழ்ச்சி உண்டு. பிறகு நெடுங்காலம் மொழிபெயர்ப்புகளாகவே உலவிய இந்த வடிவம், 1984இல் அமுதபாரதியின் 'புள்ளிப் பூக்கள்', அறிவுமதியின் 'புல்லின் நுனியில் பனித்துளி' என்று தமிழ்நாட்டில் தனித் தொகுதிகளாக வரத் தொடங்கியது. அமுதபாரதி ஓவியரும்கூட என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். எங்கள் பக்கத்தில் 1988இல் சு. முரளிதரனின் 'கூடைக்குள் தேசம்' வந்தது. இலங்கைத் தமிழில் வெளிவந்த ஆரம்பகால ஹைக்கூத் தொகுதிகளில் முன்னணியில் வைத்து எண்ணப்படும் நூல் அது. யாழ்ப்பாணத்திலிருந்தோ கொழும்பிலிருந்தோ அல்ல, மலையகத்திலிருந்து வந்தது. பல்கலைக்கழக நாட்களில் அதன் தலைப்பைக் கண்டபோது ஏற்பட்ட உணர்வை இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். அம்மாவின் முதுகில் நான் அன்றாடம் கண்ட கூடை ஒரு நூலின் அட்டைக்கு வந்துவிட்டது! மூன்று வரியில் எழுதும் கவிதை எங்கள் மலைக்குப் பொருத்தமானது என்று அன்றைக்கே நம்பினேன். பிரட்டுக்கும் நிறுவைக்கும் இடையில் வாழ்கிறவர்களுக்கு நீண்ட கவிதைக்கு நேரம் ஏது?

படமும் கவிதையும் சேர்வது ஜப்பானில் புதிதல்ல. 'ஹைகா' என்று அதற்குத் தனிப் பெயரே இருக்கிறது. ஒரே தாளில் தூரிகையால் வரைந்த சிறிய ஓவியமும் ஹைக்கூவும் இருக்கும். 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பூசோன் இரண்டிலும் தேர்ந்தவர். பாஷோ 1689இல் வடக்கு நோக்கி நடந்து சென்ற பயணத்தைப் பற்றி எழுதிய நூலைத் தன் கையாலேயே பிரதி எடுத்து ஓவியங்களும் தீட்டினார். பாஷோவுக்கோ ஓவியம் கற்றுக்கொடுத்தவர் அவருடைய சீடரான கியோரிக்கு. கவிதையில் சீடர், ஓவியத்தில் குரு. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

நல்ல ஹைகாவில் ஓவியம் கவிதைக்கு விளக்கம் சொல்வதில்லை. கவிதையும் ஓவியத்துக்கு விளக்கம் சொல்வதில்லை. கவிதையில் நிலா இருந்தால் ஓவியத்தில் நிலா இருக்க வேண்டிய அவசியமில்லை. இரண்டுக்கும் நடுவில் ஓர் இடைவெளி. அதில் பார்ப்பவன் வந்து உட்காருகிறான். ஹைக்கூவுக்குள்ளேயே இப்படியொரு வெட்டு இருக்கிறது. ஜப்பானியர்கள் அதற்கென்றே சில அசைச்சொற்களை வைத்திருக்கிறார்கள். நமக்கு அந்தச் சொற்கள் இல்லை. கோடு போடுகிறோம், மூன்று புள்ளி வைக்கிறோம். ஐந்து, ஏழு, ஐந்து என்ற பதினேழு ஒலிக்கணக்கும் அவர்களுடைய மொழிக்கு உரியது. தமிழில் அதை எண்ணிக்கொண்டிருப்பது வீண் வேலை என்பது என் கருத்து. வெட்டுத்தான் முக்கியம்.

(இன்று உலகிலேயே அதிகமாகப் பரவும் படமும் கவிதையும் எது தெரியுமா? விடிந்தால் வட்ஸ்அப்பில் வந்து விழும் காலை வணக்கம். ரோஜாப்பூவின் படம், கீழே ரோஜாப்பூவைப் பற்றி நான்கு வரி. என் முதல் முயற்சியும் அந்த இனத்தைச் சேர்ந்ததுதான்.)

இரண்டாம் நாள் காலை அதே இடத்துக்கு மறுபடியும் போனேன். முதல் நாளை விடவும் அடர்த்தியான பனி. கமராவைக் கண்ணுக்குக் கொடுக்காமல் சும்மா நின்றேன். எங்கோ மேல் மலையிலிருந்து ஒரு பெண்குரல் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டது. பதில் இல்லை. மறுபடியும் கூப்பிட்டது. கூப்பிடுகிறவரும் தெரியவில்லை, கூப்பிடப்பட்டவரும் தெரியவில்லை. அப்போதுதான் உறைத்தது: முதல் நாளும் அந்தக் குரல் இருந்திருக்கும், நான் படம் எடுப்பதில் மும்முரமாக இருந்ததால் என் காதில் விழவில்லை. கமராவுக்கோ காது என்பதே இல்லை.

யாரையோ
பெயர் சொல்லி அழைக்கிறார்கள்
மேல் மலையில்

பனி என்ற சொல்லை எடுத்துவிட்டேன். அதுதான் படத்தில் இருக்கிறதே. சித்தப்பா மகனுக்கு அன்றிரவே அனுப்பினேன். "இது நல்லாருக்குண்ணே, ஆனா படத்துல ஆளே இல்லையே?" என்றான். "இல்லைதான்" என்றேன். சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, "எங்கம்மா என்னையக் கூப்புடுற மாதிரி இருக்கு" என்றான். ஜனவரி மாதம் முடிந்தது.

மற்ற மாதங்கள் அவ்வளவு எளிதில் வரவில்லை. ஹைக்கூவில் பருவத்தைச் சுட்டும் சொல் ஒன்று இருக்க வேண்டும் என்பது ஜப்பானிய மரபு. செர்ரிப் பூ என்றால் இளவேனில், வெட்டுக்கிளி என்றால் இலையுதிர்காலம். எங்களுக்கு என்ன பருவம்? தேயிலை பன்னிரண்டு மாதமும் பச்சையாகத்தான் நிற்கிறது. வெளியிலிருந்து வருகிற சுற்றுலாக்காரருக்கு ஸ்பிரிங்வெளியின் ஜனவரிப் படத்துக்கும் ஜூலைப் படத்துக்கும் வேறுபாடு தெரியாது. ஆனால் தோட்டத்தில் பிறந்தவனுக்குத் தெரியும். கவ்வாத்து வெட்டிய மலை சாம்பல் நிறத்தில் குச்சிகளாக நிற்கும். மாசியில் காமன் கூத்துக்குத் தப்புச் சத்தம் கேட்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் விடாது; லயத்துக்குப் பின்னால் மலை இருப்பவர்களுக்கு உறக்கம் வராது. ஆடியில் காற்று. இவைதான் எங்கள் பருவச்சொற்கள். இவற்றை எவரும் அகராதியாகத் தொகுத்ததாக நான் அறியேன். அதற்கு ஆசைப்பட வயதும் கடந்துவிட்டது.

ஆடியில் நான்கு நாள் எடுத்த படங்களை வைத்துக்கொண்டு பன்னிரண்டு மாதத்துக்கும் எழுதிவிடலாம் என்றுதான் சித்தப்பா மகன் சொன்னான். "யாருக்கண்ணே தெரியப் போவுது?" என்றான். யாருக்கும் தெரியாமல் போகலாம். ஆனாலும் ஒக்டோபர் மாதத்துப் பக்கத்துக்கு வந்தபோது என்னால் அப்படிச் செய்ய முடியவில்லை. அதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. எங்கும் எழுதாத ஒன்றை இங்கே எழுதுகிறேன்.

2014 ஒக்டோபர் 29. எங்கள் பதுளை மாவட்டத்தில், கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அன்று நான் கொழும்பில் அலுவலக மேசையில் இருந்தேன். படங்கள் வந்தன. அவற்றில் ஒன்றில் மண்ணைத் தவிர எதுவுமே இல்லை. வீடில்லை, ஆளில்லை, மரமில்லை, செம்மண் மட்டும். அந்தப் படத்தைப் பெரிதாகப் போடுவதென்று முடிவாயிற்று. கீழே என்ன எழுதுவது? 'மண்சரிவு ஏற்பட்ட இடம்' என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. அது என் மாவட்டம், என் சனம். ஏதாவது நெஞ்சைத் தொடுகிற மாதிரி எழுத வேண்டும் என்ற வேகம். உறங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் மலையும் வந்து உறங்கிவிட்டது என்ற பொருளில் இரண்டு வரி எழுதினேன். அலுவலகத்தில் நன்றாக இருக்கிறதென்றார்கள். எனக்கும் நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் மாலை ஒரு தொலைபேசி அழைப்பு. பேசியவர் அப்பகுதியில் படிப்பித்த ஆசிரியர் ஒருவர். கோபப்படவில்லை, மிகவும் மெதுவாகப் பேசினார். "சேர், அவங்க தூங்கல. காலை ஏழு மணிக்கு மேலதான் மலை வந்திச்சு. வேலைக்குப் போற நேரம். புள்ளைங்க பள்ளிக்கூடத்துக்குக் கெளம்பிட்டாங்க. அதனாலதான் நெறையப் புள்ளைங்க உயிரோட இருக்கு, அப்பா அம்மா இல்லாம. நீங்க தூங்கினாங்கன்னு எழுதியிருக்கீங்க."

அவ்வளவுதான் சொன்னார். நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. மன்னிப்புக் கேட்டிருப்பேன். செய்தியின் உடலில் நேரம் சரியாகவே இருந்தது. எங்கள் நிருபர் சரியாகத்தான் எழுதியிருந்தார். பிழை என் இரண்டு வரியில். படக்குறிப்பு என்ற அளவில் எழுதியிருந்தால் அந்தப் பிழை வந்திருக்காது. கவிதை என்று நினைத்தவுடன் உண்மையைச் சரிபார்க்கும் பழக்கம் கையை விட்டுப் போய்விட்டது. தொழிலாளர்கள் என்றால் உறங்கட்டும், மலையும் உறங்கட்டும், இரண்டும் ஒத்து வருகிறதே என்று சொல்லின் அழகில் மயங்கிவிட்டேன். விழித்திருந்து, தேநீர் குடித்து, பிள்ளைக்குத் தலைவாரி அனுப்பிவிட்டு நின்ற மனிதர்களை நான் உறங்க வைத்தேன்.

ஹைக்கூ என்ற பெயரை இந்த வடிவத்துக்கு நிலைபெறச் செய்த மசவோக்கா ஷிகி 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு பத்திரிகையில் பணியாற்றியவர். இருப்பதை உள்ளபடி வரைந்துகொள், ஓவியன் வெளியில் உட்கார்ந்து கோட்டோவியம் தீட்டுவதைப் போல எழுது என்பது அவருடைய போதனை. முப்பத்தைந்து வயதுகூட நிறையாமல், காசநோயில் படுக்கையில் கிடந்தபடி சன்னலுக்கு வெளியே தெரிந்ததை எழுதிக்கொண்டே 1902இல் இறந்துபோனார். இதையெல்லாம் நான் அந்த ஆசிரியரின் அழைப்புக்கு முன்பே படித்திருந்தேன். விளங்கியது பின்புதான். படக்குறிப்பு எழுதுபவன் செய்கிற சரிபார்ப்பை முழுதும் செய்துவிட்டு அதற்கப்பால் ஓர் அடி எடுத்து வைப்பவனுக்கே ஹைக்கூ வரும். முந்தியதை விட்டுவிட்டு நேரே அங்கே குதிக்க முடியாது.

ஒக்டோபர் பக்கத்துக்கு ஆடியில் எடுத்த படத்தைப் போடவில்லை. சில வருடங்களுக்கு முன் மழைநாளில் நான் எடுத்த படம் ஒன்று வீட்டில் இருந்தது: லயத்து வாசலில் கழற்றி வைத்த செருப்புகள். அதையே கொடுத்தேன்.

விடிய விடிய மழை
சப்பாத்துக்கு நாடா கட்டுகிறாள்
பள்ளிக்கூடம் உண்டா என்கிறாள்

இன்னும் சரியாக வரவில்லை என்று தெரியும். மூன்றாம் வரி நீண்டுவிட்டது. ஆனாலும் இதில் எவரும் உறங்கவில்லை.

இனி, கொழுந்து பறிக்கும் பெண். மலையகம் என்றதும் உலகம் முழுவதும் போடுகிற படம் அது. சம்பளப் பேச்சுவார்த்தை என்றாலும், வரவுசெலவுத் திட்டம் என்றாலும், தேயிலை விலை சரிந்தாலும் நாங்களும் அதையே போட்டோம். முகம் நிறையச் சிரிப்பு, தலையில் கூடைக் கயிறு, விரலிடுக்கில் இரண்டு இலையும் ஒரு மொட்டும். 'கோப்புப் படம்: கொழுந்து பறிக்கும் பெண் தொழிலாளி.' ஒரே பெண்ணின் படத்தைப் பல வருடங்கள் நான் போட்டிருக்கிறேன். இடமிருந்து வலமாக அமைச்சர்களின் பெயர்களை ஒன்று விடாமல் எழுதிய நான் அந்தப் பெண்ணின் பெயரைத் தேடியதே இல்லை.

இது என்னோடு தொடங்கிய பழக்கமுமல்ல. ஜூலியா மார்கரெட் கமரன் என்ற ஆங்கிலப் பெண்மணி புகைப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவர். கணவருக்கு இலங்கையில் கோப்பித் தோட்டங்கள் இருந்தபடியால் 1875இல் இங்கே வந்து குடியேறி, 1879இல் இறந்து, பொகவந்தலாவை தேவாலயத்தில் அடக்கமானார். இங்கிலாந்தில் அவர் எடுத்த படங்களில் டார்வின் இருக்கிறார், டெனிசன் இருக்கிறார், வானியலாளர் ஹேர்ஷெல் இருக்கிறார். இலங்கையில் அவர் எடுத்த படங்கள் கொஞ்சமே எஞ்சியுள்ளன. அவற்றில் நம்முடைய மனிதர்களும் இருக்கிறார்கள். ஒளி அவர்கள் முகத்திலும் அதே அழகோடுதான் விழுந்திருக்கிறது. தலைப்புகளில்தான் வேறுபாடு. பெண், தொழிலாளி, குடியானவர் கூட்டம். அந்த அம்மையாரைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை.

மூன்றாம் நாள் கொழுந்து மலைக்குப் போனேன். எனக்கு நான்கு வயது மூத்த ஓர் அக்கா அங்கே பறித்துக்கொண்டிருந்தார். என் அக்காவோடு கல்லுக்காய் விளையாடியவர். ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கிறது. ஊவாவில் ஆடிக்காற்று எப்படி என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள். மலைத்தொடரின் மேற்கில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரமெல்லாம் போய் உலர்ந்து எங்கள் பக்கம் இறங்கும். மட்டக்களப்பார் அதைக் கச்சான் என்பார்கள். அந்த வறட்சியில் தேயிலைச்செடி மெதுவாகத் துளிர்க்கும், கொழுந்து குறையும், ஆனால் வாசம் ஏறும். ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாத் தேயிலைக்குப் பெயர் பெற்ற பருவம். கொழும்பு ஏலத்தில் உயர்ந்த விலை போவது இந்தக் காலத்துத் தேயிலைதான். பறிக்கிறவருக்கோ குறித்த நிறை சேர்வதில்லை. நிறை சேராவிட்டால் அன்றைக்கு முழுச் சம்பளம் இல்லை. தோட்டத்துப் பேச்சில் ஒருநாள் சம்பளத்துக்குப் பெயர் 'பேர்'. செக்ரோலில் முழுதாக விழுந்தால் ஒரு பேர், குறைந்தால் அரைப்பேர்.

படம் எடுக்கட்டுமா என்று கேட்டேன். "எடுங்க தம்பி" என்று முக்காட்டைச் சரிசெய்தார். எடுத்து முடித்ததும், "இதுக்குக் கீழ என்னா எழுதப் போறீங்க?" என்று கேட்டார்.

"மூணு வரி கவிதை அக்கா."

"கவிதை சரி. எம்பேரு வருமா?"

நான் விழித்தேன். கலண்டரில் பெயர் போடும் எண்ணம் எனக்கிருக்கவில்லை. கவிதைக்குக் கீழே பெயரைப் போட்டால் அது மறுபடியும் படக்குறிப்பாகிவிடும் என்ற இலக்கியக் கவலை வேறு. அவர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு அடுத்த நிரையில் நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"போடுறதுன்னா முழுப்பேராப் போடுங்க தம்பி. அரைப்பேரு இங்கயே கெடைக்குது!"

மலை முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். முப்பது வருடம் சொல்லை விற்றுப் பிழைத்தவனுக்கு இப்படியொரு வாக்கியம் ஒருமுறைகூட வாய்த்ததில்லை. அன்றிரவு அந்தப் படத்துக்காக ஏற்கெனவே எழுதி வைத்திருந்த ஆறேழு கவிதைகளையும் கிழித்துப் போட்டேன். எல்லாம் ஒரே அச்சு: முதல் இரண்டு வரியில் கூடை நிறையும், மூன்றாம் வரியில் வயிறு நிறையாது, அல்லது கோப்பையில் தேநீர், மூன்றாம் வரியில் குருதி. தமிழ் ஹைக்கூவுக்குப் பிடித்த நோய் இது என்பேன். மூன்றாம் வரியில் ஒரு பட்டாசு வெடிக்க வேண்டும். வெடித்தவுடன் வாசகர் கைதட்டிவிட்டுப் போய்விடுகிறார். அந்தப் பெண் அங்கேயே நிற்கிறார்.

அந்தப் பேச்சிலிருந்து ஒன்று மட்டும் எழுதினேன். அதை அவர் படத்தோடு சேர்க்கவில்லை. மாலையில் நிறுவை முடிந்து எல்லோரும் போன பிறகு, மரத்தடியில் வெறுமனே தொங்கிய தராசுக் கொக்கியை எடுத்த படம் ஒன்று இருந்தது. அதற்குக் கீழே:

ஆடிக் காற்று
கொழுந்து மணக்கிறது
அரைப்பேர் நாளில்

ஓகஸ்ட் மாதத்துக்கு அது போயிற்று. அக்காவின் படம் கலண்டரில் வராது. அவருடைய முழுப்பெயரையும், ஸ்பிரிங்வெளி என்பதையும், திகதியையும் மட்டும் கீழே அச்சிட்டுச் சட்டம் போட்டுக் கொடுத்தனுப்பினேன். சுவரில் மாட்டியிருப்பதாகச் செய்தி வந்தது. தன் முகம் கறுத்துவிட்டது என்பது மட்டும்தான் அவருடைய குறை.

இப்படியாகப் பதினொரு மாதம் நிறைந்தது. டிசம்பருக்கு எதுவும் வரவில்லை. சித்தப்பா மகன் வாரத்துக்கு இரண்டு முறை அழைத்தான்.

வீட்டில் ஒரு பிஸ்கட் டின் இருக்கிறது. அம்மாவின் அடையாள அட்டை, மரணச் சான்றிதழ், சில கடிதங்கள், ஒரு படம். அம்மா வேலை செய்யும் படம் என்னிடம் ஒன்றுகூட இல்லை. நாற்பது வருடங்கள் கொழுந்து பறித்தவர்; எத்தனையோ சுற்றுலாக்காரரின் அல்பங்களில் இருக்கக்கூடும், என் வீட்டில் இல்லை. இருப்பது பதுளை நகர ஸ்டூடியோ ஒன்றில் எடுத்த குடும்பப் படம். எழுபதுகளின் நடுப்பகுதி. 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு என்று தலைகளைப் பிரித்தார்கள். எங்கள் குடும்பத்தில் தாய்மாமன் அந்தப் பக்கம், அம்மா இந்தப் பக்கம். மாமா மனைவி மக்களோடு நீலகிரிக்குப் போனார். இங்கே தேயிலை, அங்கேயும் தேயிலை. பதுளையில் கோச்சி ஏறி, தலைமன்னாரில் இறங்கி, இராமேஸ்வரத்துக்குக் கப்பல். அந்தக் கோச்சிக்கு மலையகத்தில் 'அழுகைக் கோச்சி' என்றே பெயர்.

படத்தில் ஒருவரும் அழவில்லை. ஸ்டூடியோக்காரர் சொன்னபடி எல்லோரும் விறைப்பாக நிற்கிறார்கள். பின்னால் மாடிப்படியும் பூச்சாடியும் வரைந்த திரை. மாமா இரவல் கோட்டு அணிந்திருக்கிறார்; தோள் பொருந்தவில்லை. அம்மாவின் மடியில் நான். யாரோ ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வழியில் எடுத்த படம் என்று சொன்னால் நம்புவீர்கள்.

பின்பக்கத்தில் பென்சிலால் மாமா எழுதியிருக்கிறார். மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். கையெழுத்து மேலும் கீழுமாகப் போகிறது.

அக்காவுக்கு
கோச்சிக்கு
முந்தின நாள்

வரி பிரித்தது நானல்ல. படம் சிறியது, பென்சில் மொத்தம், அவருக்கு இடம் போதவில்லை.

முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்து அனுப்பினேன். டிசம்பர் பக்கத்தில் மேலே படமும் கீழே அந்தப் பென்சில் எழுத்தும் அப்படியே வரட்டும், அச்செழுத்தில் திருப்பி அடிக்க வேண்டாம் என்று எழுதினேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் நள்ளிரவில், வழக்கம்போல் நேரத்தை மறந்து, சித்தப்பா மகன் அழைத்தான். அவனிடமும் அவனுடைய அம்மா பக்கத்தில் அப்படியொரு படம் இருக்கிறதாம். சட்டத்திலிருந்து கழற்றிப் பின்பக்கத்தைப் பார்த்தானாம். ஸ்டூடியோவின் முத்திரை மட்டும்தான் இருந்தது என்றான்.